இருபது பெஞ்சில் ஒரு சம்பளம்

"போகும்போது அஞ்சால பெருக்கிக்கிட்டுப் போனா, இப்ப அஞ்சால வகுத்துக்கிட்டு வந்து நிக்கா" என்று கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். தலைமைக் கண்காணிப்பாளர் அறை அது. தேர்வுப் பணிக்கு வந்தவர்கள் போனை அணைத்து, பெயர் எழுதிய கவரில் போட்டுக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மங்கையர்க்கரசி அந்த டீச்சருக்கு இரண்டு பேர் பின்னால் நின்றாள். பேச்சு அவளைப் பற்றியது அல்ல. மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்குப் போய்த் திரும்பிவிட்ட யாரோ ஒரு நாத்தனாரைப் பற்றியது. அவள் சம்பளத்தை மட்டும் ரூபாயாக்கிப் பார்த்தாளாம், அங்கே விற்கிற தக்காளியை ரூபாயாக்கிப் பார்க்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பக்கத்திலிருந்தவளும் சிரித்தாள். மங்கைக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவளும் தன் போனைக் கவரில் போட்டு, பசை நக்கி ஒட்டி, மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகும் ஒரு நொடி கையை எடுக்கவில்லை. அந்தக் கவருக்குள், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஞானதிரவியம் சாரின் செய்தி இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் பதில் வேண்டும் என்று காலை ஒன்பது மணிக்கு வந்த செய்தி. பதில் இரண்டில் ஒன்றுதான்: தனி அறையா, மூன்று டீச்சர்களோடு சேர்ந்து ஒரே அறையா. அவளுக்கும் அதே மாலத்தீவில் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. விசா வந்துவிட்டது. அங்கே அறையை வாடகைக்கு விடுகிறவருக்கு முன்பணம் கட்ட வேண்டும், அதற்காகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். பைக்கில் கொண்டுவந்து விட்ட அண்ணன் செய்தியை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, யோசிக்க என்னட்டி இருக்கு என்றான். பரீட்சை முடிந்ததும் நானே சொல்லுதேன் என்றாள் இவள். அந்த 'நானே' எப்படி வாயிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்வரை அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பதினொன்றாம் எண் அறை. பாளையங்கோட்டையின் பழைய பெண்கள் பள்ளிக்கூடம், உயரமான ஜன்னல்கள், மூன்று மின்விசிறிகளில் ஒன்று மட்டும் டக் டக் என்று எதையோ தட்டிக்கொண்டே சுற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். கணக்கு டீச்சரான அவளுக்கு இதில் வேலை, நடப்பது மட்டும்தான். புத்தகம் வைத்திருக்கக் கூடாது, உட்காரக் கூடாது, வெறும் தாளில்கூட எதையும் கிறுக்கக் கூடாது. பறக்கும் படை வந்தால் முதலில் கண்காணிப்பாளரின் கையைத்தான் பார்ப்பார்கள். அனுமதிச் சீட்டில் ஒட்டிய முகத்தையும் பெஞ்சில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டு, முகப்புத்தாளில் கையெழுத்துப் போட்டு, பத்தேகால் மணிக்குப் பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தபோது, எதிரே மூன்று மணி நேரம் காலியாகக் கிடந்தது. பேனா மூடிகள் திறந்த சத்தம் ஒன்றாகக் கேட்டது. அப்புறம் விசிறி மட்டும். மங்கைக்கு, வேலை கிடைத்துவிட்டது என்ற நினைப்பு ஒன்பது நாளாகியும் பழசாகவில்லை, ஒவ்வொரு தடவை தொடும்போதும் புதுசாகச் சுட்டது. பதினாலாயிரத்து ஐந்நூறு. அதுதான் வேடிக்கை. இங்கே மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமாக வாங்குகிற சம்பளமும் பதினாலாயிரத்து ஐந்நூறு, அங்கே தரப்போகிற சம்பளமும் அதே பதினாலாயிரத்து ஐந்நூறு. இது ரூபாய், அது மாலத்தீவு ருஃபியா. ஒரு ருஃபியாவுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தைப் பெருக்கினால் தக்காளியையும் பெருக்க வேண்டும், சமன்பாட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு வந்து நிற்கிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் அவள் மதிப்பெண் போடுவதே இல்லை. பெருக்கவே வேண்டாம். அந்த ஊர்ப் பணத்திலேயே கழித்துக்கொண்டு வருவோம், மிஞ்சியதை மட்டும் கடைசியில் பெருக்குவோம். ஆனால் எழுதக் கூடாதே. எழுதாமல் எப்படி, என்று நிமிர்ந்தபோது பெஞ்சுகள் கண்ணில் பட்டன. நாலு நாலாக ஐந்து வரிசை. இருபது.

இருபது பெஞ்சு, பதினாலாயிரத்து ஐந்நூறு. பெஞ்சுக்கு எழுநூற்று இருபத்தைந்து. மீதியில்லாமல் வகுபட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள். முதல் வரிசையில் ரிப்பன் கட்டிய பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தது. நீ எழுநூற்று இருபத்தைந்து ருஃபியா தெரியுமா, என்று மங்கை மனசுக்குள் சொல்லிக்கொண்டு மெல்ல நடந்தாள். சாப்பாட்டுக்கு ஐந்து பெஞ்சு. பியூலா சொன்ன விலையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஐந்து பெஞ்சுக்குள் அடங்கும். பியூலா இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை அவளோடு அதே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள், இப்போது இவள் போகப்போகிற அதே மாலத்தீவுத் தலைநகரில் இருக்கிறாள். அவள் அனுப்புகிற குரல் செய்திகளில் பின்னால் எப்போதும் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் இருக்கும். ஏட்டி, இங்க மீனு மலிவு, தேங்கா மலிவு, கீரைய மட்டும் கனவுலதான் பாக்கணும், கொத்தமல்லிக் கட்டை ஒருத்தி ஊருல இருந்து துணிக்குள்ள சுத்திக் கொண்டாந்தா, நாலு பேரும் மோந்து பாத்துட்டுதான் குழம்புல போட்டோம், என்பாள். சரி, ஐந்து பெஞ்சு. கரண்ட், தண்ணீர், போன், சம்பளத்தில் பிடிக்கிறது, எல்லாம் சேர்த்து மூன்று பெஞ்சு. எட்டு போயிற்று. இப்போது வாடகை. சேர்ந்து இருந்தால் ஆயிரத்து நானூற்று ஐம்பது, இரண்டே பெஞ்சு. மீதி பத்து. பத்துப் பெஞ்சை ஐந்தால் பெருக்கினால் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் ரூபாய், அண்ணன் மனக்கணக்காகவே சொல்லிவிட்ட தொகை. தனி அறை என்றால் ஐயாயிரத்து எண்ணூறு. எட்டுப் பெஞ்சு. இரண்டு முழு வரிசை. நாலே பெஞ்சு மிஞ்சும். நாலு பெஞ்சு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஐந்தால் பெருக்கினால், என்று பெருக்கியவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பதினாலாயிரத்து ஐந்நூறு. மறுபடி பெருக்கினாள். அதேதான். கடல் தாண்டி, விமானம் ஏறி, உப்புக் காற்றில் பாடம் நடத்தி, மிஞ்சப்போவது இங்கே இப்போது வாங்குகிற இதே பணம்.

வருத்தம் வர வேண்டிய இடம் இது. அவள் காத்திருந்தாள், வரவில்லை. வாடகைக்கான அந்த எட்டுப் பெஞ்சுகளுக்கு நடுவில் போய் நின்றாள். இவ்வளவு இடம். இந்தப் பெஞ்சிலிருந்து அந்தப் பெஞ்சுவரை ஒரு கட்டில், ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, மேஜைமேல் திருத்த வேண்டிய நோட்டுகள். வீட்டில் அவள் நோட்டுத் திருத்துவது வாஷிங் மெஷின் மூடிமேல். மெஷின் ஓடும்போது திருத்தினால் டிக் எல்லாம் நடுங்கி விழும், பிள்ளைகள் மிஸ்ஸுக்குக் கை நடுக்கம் என்று பேசிக்கொண்டார்கள். படுக்கை, அம்மாவோடு கூடத்தில். சேலை இருக்கிற பீரோ, அண்ணன் மதினி அறையில். காலையில் கதவைத் தட்டி, மதினி, அந்த நீலச் சேலை, என்று கேட்டு, பாதி திறந்த கதவு வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மதினி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்லவள்தான். சில நாள் சேலையோடு ஜாக்கெட்டையும் சேர்த்து இஸ்திரி போட்டு வைத்திருப்பாள், இதைக் கட்டு, அது உனக்கு எடுப்பா இல்ல, என்பாள். இருபத்தெட்டு வயசில் எந்தச் சேலை எடுப்பு என்று மங்கைக்கு இன்னும் தெரியாது, கண்ணாடியும் அந்த அறையில்தான் இருக்கிறது. போன வருஷம் ஒரு பகல் எல்லோரும் திருச்செந்தூர் போயிருந்தார்கள். இவளுக்குத் தலைவலி. அவர்கள் போனதும் தலைவலி போய்விட்டது. அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, கட்டிலில்கூட இல்லை, தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யவில்லை. பாட்டுக்கூடக் கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறாள். சாயங்காலம் அம்மா வந்து என்னட்டி செஞ்ச என்றபோது, தூங்கிட்டேன் என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்யை ஏன் சொன்னோம் என்று அப்போது புரியவில்லை. மதியம் முழுக்க எதையோ திருடித் தின்றதை மறைக்கிற மாதிரி இருந்தது.

"மிஸ்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் வெகுநேரமாக ஒரே பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை விடைத்தாளைக் கையால் மூடிக்கொண்டு, பயந்த கண்ணோடு, "தப்பா ஏதும் எழுதிட்டேனா மிஸ்?" என்றது. இல்லம்மா, நீ எழுது, என்று சொல்லிவிட்டு மங்கை அவசரமாக நகர்ந்தாள். பாவம், வாடகையின் ஆறாவது பெஞ்சு. மணி பதினொன்றே முக்கால். முப்பத்தாறாயிரம் என்று அண்ணன் நெல்லையப்பன் சொன்னது வெறும் வாயால் அல்ல, வரைபடத்தோடு. மாடி கட்டப் போகிறான். இந்தச் சம்பளம் வந்தால் ஒன்றரை வருஷத்தில் மாடி எழும்பிவிடும் என்று இன்ஜினியரிடம் வரைந்தே வாங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு அதைக் கூடத்தில் விரித்து, இந்தா பாரு, மாடி எழும்புனதும் உனக்குன்னு ஒரு ரூமு, என்று ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினான். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது, அதில் பொய்யில்லை. மங்கை குனிந்து பார்த்தாள். அவன் விரல் நகர்ந்ததும் அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருந்தது தெரிந்தது: விருந்தினர் அறை. இன்ஜினியர் வழக்கமாகப் போடுகிற பெயர். எல்லா வீட்டு மாடிக்கும் அப்படித்தான் போடுவார். அண்ணன் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டான். அவள் காபி போடப் போய்விட்டாள். ஆனால் அந்த இரண்டு சொல்லும் பாலோடு பொங்கின, சீனியோடு கரைந்தன, இன்றைக்கும் தொண்டையில் இருக்கின்றன. அதற்காகவா போகிறேன், என்று கேட்டுக்கொண்டாள். இல்லை. அதற்கு முன்னாலேயே, அந்த நேர்காணலிலேயே, போவது என்று ஆகிவிட்டது. பள்ளி ஆய்வகத்தில் கதவைச் சாத்தி, லேப்டாப்பைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்தபோது, பெயரைச் சொல்லவே இரண்டு தடவை ஆயிற்று. எதிரே திரையில் தலையில் துணி சுற்றிய அம்மாள் ஒருத்தி, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதை ஆறாம் வகுப்புக்கு எப்படிப் புரியவைப்பீர்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். அரை ரொட்டியைக் கால் ரொட்டியாக எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தவள், இருபது நிமிஷம் நிற்கவே இல்லை. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தன் குரலைத் தானே கேட்டு மங்கை அசந்துபோனாள். யார் இவள், நன்றாகப் பேசுகிறாளே.

பன்னிரண்டரை மணி அடித்தது. பிள்ளைகள் இன்னும் வேகமாகக் குனிந்தார்கள். அவள் மறுபடி கடைசி வரிசைக்கு வந்தாள், மிஞ்சுகிற நாலு பெஞ்சு, வீட்டுக்குப் போகப்போகிற நாலு பெஞ்சு. இப்போது வீட்டுக்குக் கொடுப்பது பன்னிரண்டாயிரம். அங்கிருந்து பதினாலரை அனுப்பலாம். இரண்டாயிரத்து ஐந்நூறு கூடத்தான். அண்ணன் முகம் கொஞ்ச நாள் தொங்கும், மாடி மெதுவாக எழும்பும், ஆனால் யாருக்கும் குறையவில்லையே, என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டு போனவள் நாலாவது பெஞ்சில் கையை வைத்தாள். மரம் சில்லென்று இருந்தது. பெஞ்சில் ஆள் இல்லை. காலையில் அவளே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று குறித்து, பதிவெண்ணைச் சுற்றிவிட்டு வந்த பெஞ்சு. அறையில் இருந்தது பத்தொன்பது பேர். இரண்டு மணி நேரமாக வராத ஒருத்தியைக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறாள். வேறு யாருக்கும் இந்தத் தப்பு நேராது, காலையில் வருகை எடுத்தவளுக்கே நேர்ந்திருக்கிறது. அந்தப் பெஞ்சு அவளைப் பார்த்தது. என்ன விட்டுப்போயிற்று, என்ன விட்டுப்போயிற்று என்று கணக்கை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர வேண்டாமா? ஒப்பந்தத்தில் டிக்கெட் போவதற்கும் இரண்டு வருஷம் கழித்து வருவதற்கும்தான். நடுவில் வந்தால் கைக்காசு. வெறுங்கையோடு வர முடியுமா, அண்ணன் பிள்ளைகளுக்கு, மதினிக்கு, அம்மாவுக்கு. ஒரு பெஞ்சைப் பன்னிரண்டு மாசம் சேர்த்தால் எட்டாயிரத்து எழுநூறு ருஃபியா, ஒரு தடவை வந்து போக அது சரியாக இருக்கும். ஆக மிஞ்சுவது மூன்று. மூன்று பெஞ்சு, பத்தாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து ரூபாய். பன்னிரண்டாயிரத்துக்குக் கீழே. இப்போது கொடுப்பதைவிட ஆயிரத்து நூற்று இருபத்தைந்து குறைவாக, வெளிநாட்டிலிருந்து. கண்ணாடி டீச்சரின் சிரிப்பு முதுகில் விழுந்தது. வெளிநாட்டுக்குப் போயி ஆயிரம் ரூவா கொறச்சு அனுப்புதாளாம், என்று தெருவே சொல்லும். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்வாள், அதைச் சொல்லவும் மாட்டாள். தெரியாத ஊரில், நாலு பக்கமும் கடல், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆளில்லாமல், பூட்டின அறைக்குள் தனியாக. நாலு பேர் இருந்தால் என்ன? பியூலா அப்படித்தானே இருக்கிறாள். குளிக்கதுக்கு டோக்கன் போட்டுருக்கோம்ட்டி, எனக்கு அஞ்சரை, என்று சிரிக்கிறாளே. இரண்டே பெஞ்சு. மாடி எழும்பும், எல்லோரும் மெச்சுவார்கள், அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுவாள். சரி, சேர்ந்தே இருப்போம், என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்ன அந்த நிமிஷமே, ஒன்பது நாளாகச் சுட்டுக்கொண்டிருந்தது அணைந்தது. விசிறியின் டக் டக் பெரிதாகக் கேட்டது. வெயில் ஜன்னலில் வெறும் வெயிலாக இருந்தது. போவதும் போகாததும் ஒன்றுபோல ஆகிவிட்டது. திடுக்கிட்டு, இல்லை இல்லை, தனி அறை, என்று மாற்றிச் சொன்னாள். உடனே அந்தச் சூடு திரும்ப வந்துவிட்டது, வயிற்றிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, கன்னம் என்று ஏறியது. மறுபடி சேர்ந்து என்றாள், அணைந்தது. தனி என்றாள், எரிந்தது. சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிற குழந்தை மாதிரி அறையைச் சுற்றி நடந்துகொண்டே அவள் அதைச் செய்துபார்த்தாள். செலவு என்று கழித்துக்கொண்டே வந்தோமே, அந்த எட்டுப் பெஞ்சு செலவே அல்ல. அதுதான் சம்பளம். அதற்காகத்தான் கடல் தாண்டுவது. மற்ற பன்னிரண்டும் அதைச் சுமக்கத்தான். இப்படி ஒரு கணக்கை எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள், யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆயிரத்து நூற்று இருபத்தைந்து ரூபாய் அம்மாவுக்குக் குறையும். குறையும். அதைப் பூசி மெழுகிவிட்டுச் சந்தோஷப்படக் கூடாது. கொஞ்சம் கோழி, முட்டையைக் குறைக்கலாம், ஒரு வருஷம் ஊருக்கு வராமல் இருக்கலாம். இல்லை, அதுவும் பூச்சுதான். குறையும் என்றே வைத்துக்கொண்டு, குறைந்தபிறகும் வேண்டுமா என்று கேள். வேண்டும். மறுபடி கேள். வேண்டும்.

ஒன்றேகால் மணி அடித்ததும் எழுந்து நிற்கச் சொல்லி, விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் வாங்கி அடுக்கி, இரண்டு தடவை எண்ணினாள். பத்தொன்பது. அலுவலகத்தில் விடைத்தாள் கட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனை வாங்கியபோது ஒன்று நாற்பது. கவரைக் கிழித்துப் போனை உயிர்ப்பித்தாள். அண்ணனிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு, ஒரு செய்தி. 'நீ பரீட்சைல இருப்ப, நேரமாயிரும்னு நானே ஞானதிரவியம் சார்ட்ட சொல்லிட்டேன், நாலு பேரு ரூமுதான்னு. வாசல்ல நிக்கேன், வா.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஜன்னல் வழியாக வாசலில் பைக்கும், பைக்கின் மேல் சாய்ந்து நின்ற அவன் வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. ஞானதிரவியம் சாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர், அதான் உங்க அண்ணன் சொல்லிட்டாகளேம்மா, என்றார். மங்கை ஏதோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். சத்தமா பேசுங்கம்மா, இங்க ரோட்டுச் சத்தம், என்றார் அவர். அறையில் பத்துப் பன்னிரண்டு டீச்சர்கள் கவர்களைக் கிழித்துக்கொண்டு நின்றார்கள்.

"தனி அறை சார்" என்றாள் மங்கை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயாயிரத்து எண்ணூறு. தெரியும் சார். போகப்போறது நான்."

அந்தப் பக்கமிருந்து, வீட்டுல பேசிக்கிட்டீகளா என்று கேட்டார். இனிமேல்தான் என்றாள். அப்படின்னா எழுத்துல வேணும்மா, நாளைக்கு ரெண்டு பேரும் என் சட்டையப் பிடிக்கக் கூடாது பாருங்க, என்றார். அவள் தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். மேஜையின் ஓரத்தில் குனிந்து, தனி அறை என்று எழுதி, மாத வாடகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். படம் எடுத்து ஞானதிரவியம் சாருக்கு அனுப்பினாள். பிறகு அதே படத்தை அண்ணனுக்கும் அனுப்பிவிட்டு, அவன் நிற்கிற வாசலைப் பார்த்து நடந்தாள்.